ஏரிக்கரையின் விண்வெளித் தளபதி

பெஞ்சுத் தளபதி என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. காட்டில் தேட வேண்டாம். காலை ஆறு மணிக்கு மேல், ஏழரைக்குள், நடப்பதற்கென்று போட்ட பாதையின் ஓரத்தில், நடக்காமல் உட்கார்ந்திருக்கும். காலில் ஓட்டப்பந்தய வீரர்கள் போடும் ஷூ, கழுத்தில் மஃப்ளர், கையில் சுருட்டிய செய்தித்தாள், பக்கத்தில் பேப்பர் கப்பில் டீ. அந்த டீ ஆறும்வரை எல்லையில் அமைதி நிலவும். முதல் மடக்கு உள்ளே இறங்கியதும் போர் மூளும்.

எந்தப் படையில் இருந்தவர் என்று கேட்டுவிடாதீர்கள். படையில் இருந்தவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். இருந்து ஓய்வு பெற்றவர்கள், கேட்டால் கொஞ்சம் பேசுவார்கள். ஒரு நாளும் இல்லாதவர்களுக்குத்தான் ஓய்வு என்பதே கிடையாது.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. பெயர் ராஜகோபாலன். வயது எழுபத்திரண்டு. மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டு கிடங்கு அதிகாரியாக இருந்தவர். ராணுவத்தோடு அவருக்கு இருந்த நேரடித் தொடர்பு மொத்தம் பதினோரு நாள்: கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தார், பூட்ஸ் கடித்தது, விலகினார். அந்தப் பதினோரு நாளை அவர் வீணாக்கவில்லை. இன்றுவரை செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போர் நடத்தும் அழகைப் பார்க்க வேண்டும். இடது தொடை எதிரி நாடு, வலது தொடை நாம், நடுவே பேப்பர் கப் மலைத்தொடர். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு பீரங்கிப் படைப்பிரிவுகளாகப் பிரிந்து முழங்காலைச் சுற்றி வளைத்து, எதிரியின் எண்ணெய்க் கிடங்கைக் கைப்பற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தாரின் தொடைவரை முன்னேறி, அவர் காலை இழுத்துக்கொண்டதும் வெற்றி அறிவிக்கப்படும். “உள்ள இருக்கிறவங்க சொன்னது” என்பார். உள்ளே இருப்பவர், மருமகனோடு படித்தவரின் அண்ணன். “வெளியில சொல்லாதீங்க” என்பார், எதிர்க்கரையில் நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் பயணிகள் விமானம் தலைக்கு மேல் போனால் கண்ணைச் சுருக்கி, “ரோந்து போறான். இந்த வாரம் மூணாவது தடவை” என்பார். அதில் கோயம்புத்தூர்க்காரர்கள் நூற்றெண்பது பேர் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் அவர் தரைப்போர்தான் நடத்தினார். அதில் ஒரு தொல்லை. எல்லையில் வேலை பார்த்த யாராவது ஒருவர் நடுவில் வந்து, “சார், அந்த மலையில ரோடே கிடையாது” என்று சொல்லிவிடுவார். கடலுக்கு மாறினார். காசிமேட்டில் சம்பந்தம் செய்த ஒருவர் வந்து அலையைப் பற்றித் திருத்தினார். அதனால் இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூன் முதல் அவர் விண்வெளிக்குப் போய்விட்டார். சிட்லபாக்கத்தில் விண்வெளிக்குப் போய்வந்தவர் யாரும் கிடையாது.

விண்வெளியில் அவருக்குப் பிடித்த சொல் டிடரன்ஸ். நீ அடித்தால் நான் திருப்பி அடிப்பேன் என்று முன்கூட்டியே புரியவைத்து, யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. இந்தத் தத்துவத்தை அவர் தம் வீட்டு வாசலில் சோதித்தும் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தம் காரை இவர் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவார். இவர் எச்சரிக்கைப் பலகை மாட்டினார். பிறகு ஏழு பூந்தொட்டிகளை வரிசையாக நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் ஏழு தொட்டிகளையும் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, காரை நிறுத்திவிட்டு, செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார். அந்தத் தோல்வி பெஞ்சில் பதிவாகவில்லை.

பெஞ்சில் பாடம் கேட்பவர்களில் முக்கியமானவர் சேட்டு. சைக்கிளில் டீ விற்பவர். தப்பிக்க வழி இல்லாதவர். காலி கப்பை வாங்கிக்கொண்டுதானே போக வேண்டும்?

“டிடரன்ஸ்னா என்ன தெரியுமா சேட்டு?”

“தெரியாது சார். சக்கரை போடவா, வேணாவா?”

“பாதி போடு. நம்ம சாட்டிலைட் ஒண்ணை அவன் தொட்டான்னு வை. அவனோடது பத்து காலி. இது அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சா தொடமாட்டான்.”

“உடைஞ்ச துண்டெல்லாம் எங்க சார் வியும்?”

“விழாது. அங்கயே சுத்தும்.”

“அப்ப நம்மளுதையும் வந்து இடிக்கும்ல?”

“இடிக்கும்.”

“இன்னா சார் இது பேஜாரு! பல்லாவரத்துல ஒருத்தன் லாரிய கவுத்துட்டா பெருங்களத்தூர் வரிக்கும் கவுத்தவனும் தான நிக்கணும்?”

“அதான்ப்பா டிடரன்ஸ்!” என்று தொடையில் தட்டினார் ராஜகோபாலன். எந்த நாட்டின் மேல் அடி விழுந்தது என்பது சரியாகத் தெரியவில்லை.

இந்த உரையாடல் நடந்தது டிசம்பர் பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று பெஞ்சின் கோடியில், வழக்கமாக உட்காரும் நால்வரைத் தவிர, ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். பெயர் ஜாய்சன். வயது நாற்பத்தொன்று. இருபது ஆண்டு விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர். இரண்டாவது குறுக்குத் தெருவில் வீடு. டிசம்பர் எட்டிலிருந்து தினமும் ஆறு இருபத்தைந்துக்கு வருவார், உட்கார்வார், டீ குடிப்பார், ஏழு இருபத்தைந்துக்கு எழுந்து போவார். ஒரு வாரத்தில் அவர் பேசிய மொத்தச் சொற்கள் “ஆமா அங்கிள்”, “சரிங்க அங்கிள்” என்ற அளவில் அடங்கும். நிஜமான படைவீரர் ஒருவர் தம் அணியில் சேர்ந்ததில் தளபதிக்கு ஏகப் பெருமை. சேர்ந்தவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

“போர்னு வந்துட்டா தர்மம் பாக்கக்கூடாது” என்று தொடர்ந்தார் தளபதி. “அவன் வழிகாட்டி சாட்டிலைட்டை மொத்தமா அணைச்சிடணும். பேங்க் நிக்கட்டும், ஆஸ்பத்திரி நிக்கட்டும், கடல்ல போன மீன்படகு திசை தெரியாம நிக்கட்டும். ஒரே பட்டன்.”

கோடியிலிருந்து முதன்முறையாக ஒரு வாக்கியம் வந்தது. “படகுல போனவங்க எப்படி அங்கிள் கரைக்கு வருவாங்க?”

“அது அவன் பிரச்சினை தம்பி.”

சேட்டுவுக்கு வேறொரு சந்தேகம். “அந்தப் பட்டன அமுக்கறது ஆரு சார்?”

“யாரோ ஒரு ஆபீசர்.”

“அமுக்கிட்டு அவன் வூட்டுக்கு வருவான்ல? வந்து இன்னா பண்ணுவான்? சோறு எறங்குமா?”

“அதெல்லாம் ட்ரெய்னிங்லயே சொல்லிக் குடுத்துடுவாங்கப்பா.”

ஜாய்சன் எழுந்தார். மணி ஆறு நாற்பத்திரண்டு. டீ பாதிக்கு மேல் இருந்தது. கப்பைப் பெஞ்சின் மேல் ஆடாமல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். “வேலை இருக்கும்” என்றார் தளபதி.

அன்று மாலை ஜாய்சனின் மனைவி ஜோசலின் தளபதியின் வீட்டுக்கு வந்தார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. தோளிலிருந்து கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. தளபதியின் மனைவி சரோஜினி வற்புறுத்தி உட்கார வைத்தார். தளபதி உள்ளறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாளைப் பிடித்துக்கொண்டால் காது நன்றாகக் கேட்கும்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. அவர் ரிட்டயராகி வந்து பதினாலு மாசம் ஆகுது. ரூமை விட்டு தினமும் வெளிய வர்றது இந்த ஒரு வாரமாத்தான். தினம் ஒரு மணி நேரம் நாலு பேரோட உக்காரச் சொல்லியிருக்கார் டாக்டர். பேசணும்னுகூட இல்லையாம், உக்காந்தா போதுமாம்.”

“உடம்புக்கு என்னம்மா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பயந்துட்டாரான்னு கேட்டா அதுவும் இல்ல. வேலைன்னு செஞ்ச ஒண்ணை மனசு தப்புன்னு பிடிச்சுக்கிச்சுன்னா, மனசாட்சியில காயம் படுமாம். ரத்தம் வராது, அதனால யாருக்கும் தெரியாதுன்னு டாக்டர் சொல்றார். போன வருஷம் சர்ச்சுல, ‘உங்க அனுபவத்தைச் சாட்சியா சொல்லுங்க பிரதர்’னு அன்பாத்தான் மைக்கைக் கையில குடுத்தாங்க. ஒன்பது வாரம் கதவைச் சாத்திக்கிட்டார். இந்தப் பெஞ்சும் போச்சுன்னா எனக்கு வேற இடம் தெரியல ஆன்ட்டி. சர்வீஸ் பத்தி மட்டும் அங்கிள் பேச்செடுக்காம இருந்தா போதும்.”

அவர் போனதும் தளபதி வெளியே வந்தார். முகம் ஜொலித்தது.

“புரிஞ்சுதா சரோஜினி?”

“புரிஞ்சுது. பாவங்க.”

“பாவமா? சர்வீஸ் பத்திப் பேசக்கூடாதாம்! ஏன் பேசக்கூடாது? பேச முடியாத இடத்துல இருந்திருக்கான். ரகசியப் பிரிவு. அநேகமா நம்ம டிபார்ட்மென்ட்தான்.” சுட்டுவிரல் கூரையைத் தாண்டி மேலே காட்டியது.

“அந்தப் பொண்ணு காயம்னு சொன்னாளே?”

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க.”

சரோஜினி இட்லி மாவைக் கரைக்கப் போய்விட்டார். நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் எந்த இடத்தில் பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

இந்த இனத்தின் அறிவு வேலை செய்யும் விதம் இப்படித்தான். மௌனம் என்று ஒன்றை அவர்களுக்குப் புரியவைக்க முடியாது. ஒருவர் பேசவில்லை என்றால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது அரசாங்கம் தடுத்திருக்கிறது. பேசப் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது காரணமாக இருக்க முடியும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் பாருங்கள், தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் நடப்பதும் உண்டு. மறுநாள் காலையிலேயே தளபதி பெஞ்சுக்கு உத்தரவு போட்டுவிட்டார்: ஜாய்சனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை. தாசில்தார் வெயிலைப் பற்றிப் பேசினார். சேட்டு தன் மகள் பச்சையம்மாவின் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பற்றிப் பேசினார். ஐந்து வாரமும் மூன்று நாளும் ஜாய்சன் ஒரு நாள் தவறாமல் வந்தார். ஜனவரி முதல் வாரத்தில், நாய்க்குட்டி ஒன்று தாசில்தாரின் ஷூ லேஸை அவிழ்த்தபோது, சத்தம் இல்லாமல் சிரித்ததாகக்கூடத் தெரிகிறது. ஜோசலின் ஒரு நாள் சரோஜினிக்குப் பால்கேக் கொடுத்தனுப்பினார். தளபதி அதைத் துறைரீதியான நன்றியறிவிப்பாக எடுத்துக்கொண்டு மூன்று துண்டு சாப்பிட்டார்.

கெடுத்தது அவருடைய கழுத்து.

குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் ஜீவானந்தம் ஒரு நாள் நின்று, “யார் சார் அது, புதுசா?” என்று கேட்டார். “சொல்ல முடியாது” என்றார் தளபதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கழுத்து நிற்கவில்லை, மெல்ல அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. ஜீவானந்தமும் அண்ணாந்து பார்த்தார். அங்கே இரண்டு கொக்குகள்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜனவரி இருபத்து நான்கு, சனிக்கிழமை காலை, நான்கு மின்கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. குடியரசு தின விழா. கொடியேற்றம். ஆண்டறிக்கை. அறிமுக உரை: திரு. ராஜகோபாலன் (ஐந்து நிமிடம்). சிறப்புரை: விண்வெளியில் நம் காவல், நேரடி அனுபவங்கள், வீரர் திரு. ஜாய்சன். பொன்னாடை. பொங்கல். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட வாட்ஸாப் குழுவிலும் அது போனது. அறுபத்து மூன்று பேர் கும்பிட்டார்கள், நாற்பத்தொரு பேர் கொடி காட்டினார்கள், ஒருவர் மட்டும் மழைநீர் வடிகால் எப்போது முடியும் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சின் கோடி காலியாக இருந்தது. சேட்டு பழக்கத்தில் ஐந்து கப் ஊற்றிவிட்டு நின்றார்.

“இன்னா சார், அண்ணன் வர்ல? மேல கீறாருன்னு நோட்டீஸ்ல போட்டுகிறீங்களே, கெளம்பிட்டாரா?”

தாசில்தார் சிரித்தார். தளபதி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தார். சரோஜினி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து என்ன கேட்டுச்சு? ஒண்ணே ஒண்ணுதானே கேட்டுச்சு?”

“நான் வாயே திறக்கல சரோஜினி. கழுத்தைத்தான்...”

“மைக்கைக் குடுத்ததுக்கு ஒன்பது வாரம் கதவைச் சாத்தினவர். இப்ப கம்பத்துல ஒட்டியிருக்கீங்க. இனி எத்தனை வாரம்? போய் நிறுத்துங்க.”

தளபதி ஜீவானந்தத்துக்குப் போன் செய்தார்.

“எப்படி சார் நிறுத்துறது? நோட்டீஸ் அடிச்சாச்சு. கவுன்சிலர் வர்றாங்க. பெருசா எதுவும் வேணாம், ரெண்டு வார்த்தை பேசட்டும். லேட்டும் ஆகாது சார், மைக் செட்காரர் ஒன்பதரைக்கு குரோம்பேட்டைல இன்னொரு விழாவுக்குப் போயே ஆகணும்.”

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்குத் தளபதி இரண்டாவது குறுக்குத் தெருவுக்குப் போனார். ஜாய்சன் கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாமல். கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரமாக நிற்கிறார் என்பது வாசலில் நின்ற ஜோசலினின் முகத்தில் தெரிந்தது.

“தம்பி, உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிடறேன்” என்றார் தளபதி.

“கொடிக்கு வராம இருக்க முடியாது அங்கிள். மைக்குக்குத்தான் முடியாது.”

தளபதி சும்மா நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் நின்றது அந்தத் தெருவுக்கே புதிது. ஒருவேளை அதனால்தான் ஜாய்சன் பேசினார். கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சண்டை எதுவும் இல்ல அங்கிள். வெள்ளம். வடக்க ஒரு ஊர். ஒரு ஸ்கூல் மொட்டைமாடியில பதினோரு பேர். நான் ஹெலிகாப்டர்ல கதவுகிட்ட நிக்கிறவன். கயிறு இறக்கி ஒவ்வொருத்தரா தூக்கறது என் வேலை. ஒன்பது பேர் ஏறினதும் பைலட் போதும்னுட்டார். எடை அவ்வளவுதான். மிச்சம் ஒரு பெரியவரும் அவர் பொண்ணும். ‘இருபது நிமிஷத்துல வந்துடறேன்’னு ரெண்டு கையையும் ரெண்டு தடவை விரிச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணு சரின்னு தலையாட்டிச்சு.”

“ம்.”

“இறக்கி விட்டதும் வேற ஆர்டர். ஒரு ஆஸ்பத்திரியில முப்பது பேஷண்ட், அங்க போகணும். அந்த ஆர்டர் சரிதான் அங்கிள். இன்னைக்குக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன். மாடிக்குத் திரும்பிப் போறப்ப நாலு மணி நேரம் ஆயிடுச்சு. மாடி இல்ல.”

பால்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டு போனார்.

“பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. ஒன்பது உயிர்னு அதுல இருக்கு. மைக்கைப் பிடிச்சு ஒன்பதுன்னு சொன்னா எல்லாரும் கை தட்டுவாங்க. அதைத்தான் அங்கிள் என்னால நின்னு கேக்க முடியல.”

தளபதியின் வாயில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. இனத்தின் சுபாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. வாய் திறந்துகூட விட்டது. ஜோசலின் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு கணத்தில், எழுபத்திரண்டு ஆண்டில் நடக்காத ஒன்று நடந்தது: வாய் மூடிக்கொண்டது. தளபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மைக் செட்காரன் ஒன்பதரைக்குக் கிளம்பணுமாம்” என்றார். “நீ வந்து கொடிக்கு சல்யூட் அடி தம்பி. மீதியை என்கிட்ட விடு.”

எட்டு ஐந்துக்குக் கவுன்சிலர் கொடியேற்றினார். ஜாய்சன் நின்ற நிற்பைப் பார்த்து, நலச்சங்கத்தினர் எல்லோரும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்கள். எட்டு இருபதுக்கு ஜீவானந்தம் ஆண்டறிக்கை படித்தார். எட்டு நாற்பத்தொன்றுக்கு, அறிமுக உரை ஐந்தே நிமிடம் என்று சொல்லி மைக்கைத் தளபதியிடம் கொடுத்தார். அப்போது கூட்டத்தில் நூற்று நாற்பது பேர். முன்வரிசையில் ஜாய்சன், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.

“ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால்,” என்று தொடங்கினார் தளபதி.

ஜீவானந்தத்தின் முகம் அப்போதே மாறியது.

முதல் மனிதன் வானத்தைப் பார்த்ததிலிருந்து தொடங்கி, திசை காட்டும் நட்சத்திரம், சோழர் கப்பல், பாராசூட், தாம்பரம் விமானத் தளம், தம் தொழிற்சாலையின் நாற்பத்தெட்டு அங்குல மின்விசிறியின் இறக்கைக் கோணம், அதிலிருந்து ஹெலிகாப்டர் பக்கம் போகப் பார்த்து, சட்டென்று திரும்பி ராக்கெட், ராக்கெட்டிலிருந்து சாட்டிலைட், சாட்டிலைட் உடைந்தால் பறக்கும் துண்டு, அந்தத் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்ட முடியாததற்கான காரணங்கள் என்று அவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். எட்டு ஐம்பதுக்கு முதல் துண்டுச்சீட்டு வந்தது: ‘நேரம்’. அதைப் படித்து, தலையசைத்து, சட்டைப்பையில் வைத்தார். எட்டு ஐம்பத்தெட்டுக்கு இரண்டாவது: ‘போதும் சார்’. அதுவும் பைக்குள் போனது. ஒன்பது நான்குக்குக் கவுன்சிலர் அடுத்த கொடிக்குக் கிளம்பினார். பொங்கல் அண்டாவைச் சுற்றி வரிசை தானாக உருவாகியது. மூன்றாவது சீட்டில் சொல்லே இல்லை; நான்கு ஆச்சரியக்குறிகள் மட்டும்.

ஒன்பது பதினான்குக்கு அவர் டிடரன்ஸுக்கு வந்து சேர்ந்தார். “எல்லாத்துக்கும் முடிவு ஒரு பட்டன். அதை அழுத்தறதுக்கு ஒரு கை. அந்தக் கை...”

நின்றுவிட்டார். பதினோரு நொடி மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் முழங்கால்மேல் இருந்த இரண்டு கைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கையைப் பத்திப் பேச எனக்கு அருகதை இல்ல” என்றார். “அதனால நாம சனி கிரகத்துக்குப் போவோம்.”

போனார். யாரும் கூடப் போகவில்லை. ஒன்பது முப்பத்தாறுக்கு மைக் செட்காரர் பொறுமையிழந்து ஒயரைப் பிடுங்கியபோது, சனி கிரகத்தின் வளையங்களில் பாதியைத்தான் முடித்திருந்தார். மைக் இல்லாமலே இன்னும் நான்கு நிமிடம் பேசி வளையத்தை நிறைவு செய்தார். சிறப்புரைக்கு நேரம் இல்லாமல் போனதற்கு வருந்துவதாக ஜீவானந்தம் கத்திச் சொன்னது அண்டா வரைக்கும் கேட்கவில்லை. அவரே ஜாய்சனுக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். கூட்டத்தில் மீதமிருந்த முப்பத்தெட்டு பேரின் கையிலும் பொங்கல் தொன்னை இருந்தது. யாராலும் கை தட்ட முடியவில்லை. ஜாய்சன் பொன்னாடையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்று, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று பிற்பகலே சங்கம் அவசரமாகக் கூடியது. திரு. ராஜகோபாலனுக்கு இனி எந்த விழாவிலும் மைக் கொடுப்பதில்லை என்ற தீர்மானம் ஆதரவாகப் பதினேழு, எதிராக யாரும் இல்லை என்ற கணக்கில் நிறைவேறியது. சரோஜினி எதிர்த்து வாக்களிக்கலாம் என்றுதான் போனார். அங்கே போனதும் மனம் மாறிவிட்டது.

“ஒன்பதரை வரைக்கும் அந்தப் பிள்ளைக்காகப் பேசினீங்க, ஒத்துக்கறேன்” என்றார் வீட்டில். “அதுக்கு மேல பத்து நிமிஷம் யாருக்காக?”

தளபதி மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். “தற்காப்புத் தாக்குதல்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பெஞ்சில் தாசில்தார் ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தளபதி ஆறு இருபதிலிருந்து பாதையைப் பார்த்தார், ஆறு இருபத்தைந்து ஆனது, ஆறரை ஆனது. சேட்டு நான்கு கப்தான் எடுத்தார். ஆறு முப்பத்து மூன்றுக்கு ஜாய்சன் வந்தார். உட்கார்ந்தார். ஐந்தாவது கப் வந்தது. கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தார்.

“அங்கிள்.”

“சொல்லு தம்பி.”

“சனி கிரகத்தோட வளையம் எல்லாம் உடைஞ்ச சாட்டிலைட்டுன்னு நேத்து சொன்னீங்க. அது தப்பு.”

“யார் சொன்னது?”

“ஏழாங்கிளாஸ் புக்.”

சேட்டு சைக்கிளையே விட்டுவிட்டுச் சிரித்தார். “ஐய, இன்னா சார்! அந்தக் கத கேட்டுக்கினு எனக்குப் பொங்கலே ஆறிப்போச்சு!” தளபதி விடுவாரா? புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்டார். ஜாய்சன் சொன்னார். பதிப்பாசிரியருக்கு உள்ளே இருப்பவர்களைத் தெரியாது என்றார் தளபதி. ஜாய்சன் தரையில் குச்சியால் வட்டம் போட்டு விளக்கினார். சண்டை இருபத்திரண்டு நிமிடம் நடந்தது. ஜாய்சன் இரண்டாவது டீ கேட்டார். வீட்டுக்குப் போனபோது மணி ஏழு ஐம்பது. கேட்டருகே பள்ளிக்குக் கிளம்பத் தயாராக நின்ற ஜோசலின், கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாராம்.

தளபதி திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. வானத்தில் தம்மைத் திருத்த ஓர் ஆள் வந்துவிட்டதால், பிப்ரவரி இரண்டாம் தேதி முதல் அவர் கடலடித் தரைக்கு இறங்கிவிட்டார். அங்கே ஒயர்கள் ஓடுகின்றனவாம். வெளியில் சொல்லக் கூடாது.

அது போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பது பேர் ஏறியதும் பைலட் போதும் என்றாரே, அந்த இடத்தைப் படித்தபோது உங்கள் மனம் எங்கே போனது? மாடியில் தலையாட்டிய அந்தப் பெண்ணிடமா? அல்லது, ஒன்பது பேரில் குழந்தைகள் எத்தனை, ஆளுக்குச் சராசரி ஐம்பது கிலோ என்றால் மொத்தம் எவ்வளவு, பெரியவர் மெலிந்தவராகத்தான் இருப்பார், கொஞ்சம் நெருக்கினால் இருவரையும் ஏற்றியிருக்கலாமே என்று ஒரு கூட்டல் ஓடியதா?

ஓடியிருந்தால் சங்கடப்பட வேண்டாம். காலை ஆறேகாலுக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். பெஞ்சில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மஃப்ளர் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.